சிரட்டைத் தூளும் ஆற்று மணலும்

மஹய்யாவையில் மாமா வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதற்குள் பழைய தேயிலைச் செடிகளின் வேர்த்தூர்களைக் கடைந்து மாமா புகையிலைச் சுங்கான் செய்வார். வாவிக்கரையில் வெளிநாட்டுப் பயணிகளை நம்பியிருந்த கடையொன்று அவற்றை வாங்கியது. கடைந்த சுங்கான்மேல் காற்றால் மணலைப் பீய்ச்சியடித்தால் மரத்தின் மென்மையான பகுதி தேய்ந்து, ரேகைகள் மேடாக எழும். அந்த மேடு விரலில் தட்டுப்பட வேண்டும் என்பது கடைக்காரரின் நிபந்தனை.

மாமா பாவித்தது கழுவி, காயவைத்து, மா அரிக்கும் அரிதட்டில் சலித்த மகாவலி ஆற்று மணல். அதன் தூசி அவர் நெஞ்சில் படிந்துவிட்டது, இனி மணல் வேலையே கூடாது என்று ஆஸ்பத்திரி டொக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டிச் சொல்லியிருந்தார்.

அத்தை அயல்வீட்டுச் சிரட்டைகளையெல்லாம் சேர்த்து, உரலில் இடித்துத் தூளாக்கினார். அது நெஞ்சைக் கெடுக்காது என்று யாரோ சொன்னார்களாம். மாமா மறுக்காமல், மணலுக்குப் பதிலாக அதை நிரப்பி ஒரு சுங்கானில் அடித்தார். பிறகு மணல் பட்டது ஒன்றும் தூள் பட்டது ஒன்றுமாக இரண்டு சுங்கான்களோடு முற்றத்திலிருந்த அத்தையிடம் வந்தார்.

"கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாரு. எது நல்லாருக்கு?"

"ரெண்டும் ஒண்ணு போலத்தாங்க இருக்கு."

"நீ இன்னும் தடவவே இல்ல."

அத்தை தடவினார். சிரட்டைத் தூள் பட்டது சவர்க்காரக் கட்டிபோல வழுவழுவென்றிருந்தது.

"கடைக்காரருக்குக் கண்ணு மங்கலுன்னு சொன்னீங்களே."

"வெரலுமா மங்கல்?"

அத்தை சிரிக்கவில்லை. இரண்டையும் மடியில் வைத்து மாறி மாறித் தடவினார்.

"மணல்ல அடிச்சதுதாங்க நல்லாருக்கு," என்றார் கடைசியில்.

மறுநாள் கொட்டகையில் மணல் இரைந்தது. அத்தை பலசரக்குக் கடைக்குப் போய்க் கித்துள் பனைக் கருப்பட்டி வாங்கி வந்தார். கருப்பட்டி தின்றால் தூசி நெஞ்சிலிருந்து இறங்கிவிடும் என்பது எங்கள் தெருவில் தூசி வேலை செய்தவர்களின் வைத்தியம். மணல் அடிக்கும் நாட்களில், அப்போது சிறுமியாயிருந்த எனக்கும் ஒரு துண்டு கிடைக்கும். அன்றும் மாமா எனக்காக உடைக்கப் போனார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்கு வேணாம். முழுசும் நீங்களே தின்னுங்க."

கடைசித் துண்டு உள்ளே போகும்வரை எதிரில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்திருந்தார். அத்தைக்குக் கஞ்சத்தனம் வந்துவிட்டது என்று எண்ணி, சாப்பிடக் கூப்பிட்டபோதும் நான் போகவில்லை.