கால்சியக் கதவும் மருந்துச் சீட்டும்

மருந்துக் கடையில் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது சுலபம், அதை நம்ப வைப்பதுதான் வேலை. அதியமான்கோட்டையில் பதினோரு வருஷமாக மருந்தாளுநராக இருக்கிறேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வலிப்பு மாத்திரை

தக்காளி மண்டியில் வேலை செய்யும் கோவிந்தம்மாவுக்குச் சர்க்கரை. பாதம் தீயாய் எரிகிறது என்று டாக்டர் நரம்பு வலி மாத்திரை எழுதியிருந்தார். மறுநாளே கோவிந்தம்மா மாத்திரை அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். "இது வலிப்பு மாத்திரைன்னு ஃபோன்ல போட்டிருக்குதுங்க. யாருக்கு வலிப்பு?"

வலிப்புக்கும் தருவார்கள், நரம்பு வலிக்கும் தருவார்கள் என்றேன். நரம்பில் கால்சியம் நுழையச் சின்னக் கதவுகள் உண்டு. மின்சார மாற்றத்தை உணர்ந்துதான் அவை திறக்கும். எத்தனை கதவு வேண்டும், எவ்வளவு சீக்கிரம் உணர வேண்டும் என்பதைப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஒரு துணைப் புரதம் சரிசெய்கிறது. மாத்திரை அந்தத் துணையைப் பிடித்துக்கொள்ளும், உள்ளே போகும் கால்சியம் குறையும், வலியும் குறையும். பொறுமையாகக் கேட்டார். அவர் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

"அதெல்லாம் சரிங்க. நாளைக்கு மாப்ள வூட்டுக்காரங்க அட்டையப் பாத்துக் கேட்டா, இந்தப் பாடத்த நீங்க வந்து சொல்வீங்களா?"

பாயின் பூதக்கண்ணாடி

இரும்புக் கடை பாய் மருந்தோடு வரும் துண்டுத்தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பவர். அவருடைய பிரஷர் மாத்திரையும் கால்சியக் கதவைத்தான் அடக்குகிறது, ஆனால் ரத்தக்குழாயில். அதைப் படித்ததும் எலும்பு கரைந்துவிடும் என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் பத்து நாள் நிறுத்திவிட்டார். எங்கள் கடை வாசலில் தலைசுற்றி உட்கார்ந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. பிரஷர் எகிறியிருந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் வந்தார். எலும்பில் இருக்கும் கால்சியத்தை அது தொடாது என்று விளக்கினேன். பாதிதான் நம்பினார்.

"ஏம்மா, ஒரு கையில கால்சியம் மாத்திரை குடுக்கற, இன்னொரு கையில கதவ சாத்தற. ரெண்டையும் விக்கறது நீதான?"

என் முறை

சந்தேகம் எனக்கும் உண்டு. கோவிந்தம்மாவுக்குக் கொடுத்த அதே வகை மாத்திரையைப் போதைக்காகக் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஃபோனில் சீட்டின் படத்தைக் காட்டி மூன்று அட்டை கேட்டார். அசல் சீட்டு வேண்டும் என்றேன். தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து வருவதாகவும், அக்கி வந்து ஆறியபிறகும் அப்பா வலியில் துடிப்பதாகவும், சீட்டு வீட்டில் இருப்பதாகவும் சொன்னார். நான் அசையவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய், மதியம் சீட்டோடு திரும்பி வந்தார். டாக்டருக்கு ஃபோன் போட்டேன். எல்லாம் நிஜம்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"பரவால்லைங்க. போன தடவ இங்க வாங்குனது டூப்ளிகேட்டுன்னு எங்கப்பாவும் உங்களத்தான் சந்தேகப்படறாரு."

சீட்டே இல்லாமல் எங்கள் கடையில் இரண்டு பக்கமும் தாராளமாகக் கைமாறும் சரக்கு சந்தேகம் ஒன்றுதான்.