சுரங்கத்துக்குள் உறவு கிடையாது

என் நாத்தனாருக்கு வீட்டில் ஒரு வாய், சுரங்கத்தில் வேறு வாய். வீட்டில் அவள் வாயை மூட ஆள் கிடையாது. தம்பியை எழுப்பும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"எந்திரிடா தடிமாடே. உன் பொண்டாட்டி ஈட்டியைத் தீட்டி முடிச்சுட்டா, நீ இன்னும் குறட்டை விட்டுக்கிட்டுக் கிடக்குற."

அந்தத் தடிமாடு என் புருஷன். கண்ணைத் திறக்காமலே "என்னக்கா" என்பான். சோற்றுக்குக் கூப்பிட்டாலும் திட்டுவதற்குக் கூப்பிட்டாலும் அதே "என்னக்கா"தான். தாய் இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஒரு கழுதையை மேய்க்கவே எனக்கு நேரமில்லை" என்பாள்.

எங்கள் பிழைப்பு ஊருக்கு அடியில் இருந்தது. பழைய கல் சுரங்கம். கல் வெட்டுவதை நிறுத்திய பிறகு அதில் கவ்விகள் குடியேறிவிட்டன. மாட்டு வண்டி அளவு உடம்பு, ஆறு கால், இடுக்கி மாதிரி வாய். சாக்கடை வழியாக மேலே வந்து ஆளைக் கவ்விக்கொண்டு போகும். சலவைக்காரரின் மகளைத் துவைகல்லிலிருந்தே இழுத்துக்கொண்டு போனது. தேடிப் போன எங்களுக்கு ஒரு கால்தான் கிடைத்தது. இறங்கி அவற்றைக் கொல்வது எங்கள் வேலை. மற்ற நாளில் கைவண்டி இழுக்கும் ஒருவர் கேடயத்தோடு முன்னால் நிற்பார். என் புருஷன் கோடாலி. நான் ஈட்டி. நாத்தனார் விளக்கு.

விளக்குப் பிடிப்பதை லேசான வேலை என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். விளக்கு ஆடினால் நிழல் ஆடும், நிழல் ஆடினால் குறி தப்பும், குறி தப்பினால் கை போகும், தலை போகும். அதனால் யார் செத்தாலும் அவள் அசையக் கூடாது. நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்துச் சொல்ல வேண்டும். "ஈட்டி, இடது. கேடயம், குனி." கீழே உறவு சொல்லிக் கூப்பிடவே கூடாது. அண்ணே, மச்சான் என்று காதில் விழுந்தால் மனுஷன் கூப்பிட்ட முகத்தைத்தான் பார்ப்பான், கவ்வியைப் பார்க்க மாட்டான். அப்படித் திரும்பிப் பார்த்துச் செத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

கல்யாணமான மறுநாளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். "இங்க பாரு. கீழே நான் அவனுக்கு அக்கா இல்லை, நீ பொண்டாட்டி இல்லை. அப்படி இருந்தாத்தான் அவன் உசுரோட மேல வருவான். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

முன்பு எங்களோடு ஒரு வில்லுக்காரர் இருந்தார். கவ்வி அவரை இடுப்பில் பிடித்து, துணி துவைப்பது போலச் சுவரில் அடித்தது. அவர் கத்துவது நின்ற பிறகும் அடித்தது. இவள் அசையாமல் வெளிச்சம் காட்டினாள். அந்த வெளிச்சத்தில்தான் அதன் தாடைக்கு அடியில் நான் குத்தினேன். மேலே வந்ததும் வில்லுக்காரரின் மனைவி இவள் முகத்தில் துப்பினாள். "பாத்துக்கிட்டே நின்னியாமே. நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" இவள் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாம்பல் தொட்டு விளக்குக் கண்ணாடியைத் தேய்த்தாள். அன்றைக்கு மட்டும் தம்பியைத் திட்டாமலே சோறு போட்டாள்.

வேலை முடிந்தால் அவள் முதலில் ஏறி, சுரங்கக் குழியின் வாயில் நின்று எங்களுக்கு ஏணியில் வெளிச்சம் காட்டுவாள். எல்லாரும் வந்துவிட்டோம் என்று கடைசி ஆள் சொன்னால்தான் விளக்கை அணைப்பாள். கடைசி ஆள் எப்போதும் என் புருஷன்தான். "எல்லாரும் மேல வந்தாச்சு, அணைச்சுத் தொலை" என்பான். அணைத்த அந்த நொடியே அவளுக்கு வீட்டு வாய் திரும்பிவிடும். "யாருடா தொலையணும்?" என்று அவன் தலையில் ஒரு குட்டு விழும்.

அன்றைக்கு இறங்கியதும் கவ்வி எங்களுக்காகவே காத்திருந்தது போலப் பாய்ந்தது. கேடயக்காரர் தாங்கினார். அவர் தோள் மூட்டு கழன்ற சத்தம் எனக்குக் கேட்டது. "கோடாலி, முன்னங்கால்." என் புருஷன் வெட்டினான். மூன்றாவது வெட்டில் கால் துண்டாகி விழுந்தது, கறுப்பு ரத்தம் எங்கள் முகமெல்லாம் அடித்தது. அது இன்னொரு காலை வீசி அவன் மண்டையில் அறைந்தது. காதிலிருந்து ரத்தம் கொட்டியது. "ஈட்டி, தாடை. இப்ப." நான் கைப்பிடி வரைக்கும் இறக்கினேன். உள்ளே எதுவோ உடைந்தது, கவ்வி சரிந்தது.

அது செத்த பிறகும் என் புருஷன் விடவில்லை. வெறி தலைக்கேறிவிட்டது. சலவைக்காரர் மகளுக்கும் வில்லுக்காரருக்கும் சேர்த்து அதன் முதுகில் ஏறி நின்று கொத்திக்கொண்டிருந்தான்.

"கோடாலி, மேலே."

கூரையில் இன்னொன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கேட்கவில்லை.

"கோடாலி, மேலே பாரு. கோடாலி."

நான் ஈட்டியை இழுத்தேன், வரவில்லை. கவ்வி கூரையை விட்டது.

"தம்பி."

அதை மட்டும் எப்படித்தான் கேட்டானோ பாவி. வெட்டுவதை நிறுத்தினான். மேலே பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்னக்கா?"

இடுக்கி வாய் அவன் கழுத்திலும் தோளிலும் சேர்ந்து மூடியது.

விளக்கு ஆடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நூல்கூட ஆடவில்லை. அதே குரல்தான் வந்தது. "ஈட்டி, காலை வச்சு உருவு." உருவினேன். "வலது பக்கம் போ. தாடை தெரியுது. குத்து." வாயில் அவனை வைத்துக்கொண்டிருந்த அந்தத் தாடையில் குத்தினேன். கண்ணில் குத்தினேன், தொண்டையில் குத்தினேன், எங்கே குத்துகிறேன் என்று தெரியாமல் குத்தினேன். கேடயக்காரர் ஒற்றைக் கையால் கேடயத்தின் விளிம்பைக் கொண்டு அதன் மண்டையை நொறுக்கினார்.

"செத்துருச்சு. போதும், ஈட்டி."

அவனை முழுசாக மேலே கொண்டுவர முடியவில்லை. உடம்பைக் கயிற்றில் கட்டி இழுத்தோம். மிச்சத்தை என் மேல்துணியில் முடிந்து நானே தூக்கிக்கொண்டு ஏறினேன். மேலே உச்சி வெயில். தெருவே கூடி நின்றது. அந்த வெயிலிலும் அவள் குழிக்குள் விளக்கைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

மூட்டையைக் கீழே வைத்தேன். போய் அவள் வாயிலேயே குத்தினேன். உதடு கிழிந்தது. மறுபடி குத்தினேன்.

"கூப்பிட்டுக் கொன்னுட்டியே. எனக்குச் சொன்னியே, நீயே கூப்பிட்டுட்டியே."

கேடயக்காரர் என்னைப் பிடித்து இழுத்தார். "விடும்மா. கூப்பிடலைன்னாலும் போயிருப்பான்."

இருக்கலாம். எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப் போகிறது.

அவள் பல்லெல்லாம் ரத்தம். விளக்கு மட்டும் குழியை விட்டு நகரவில்லை, கண்ணும் ஏணியை விட்டு நகரவில்லை. அடித்துக் களைத்த பிறகுதான் அவள் யாருக்காகக் காத்து நிற்கிறாள் என்பது எனக்கு உறைத்தது.

"அக்கா," என்றேன். "கீழே வைங்க அதை."

திரும்பவில்லை. தோளைத் தொட்டு மறுபடி "அக்கா" என்றேன். அவளுக்குக் கேட்கவே இல்லை.

"விளக்கு," என்றேன்.

"சொல்லு, ஈட்டி," என்றாள் உடனே. கீழே பேசுகிற அதே குரல்.

நான் சொல்லாவிட்டால் ராத்திரியானாலும் அங்கேயேதான் நிற்பாள். சொல்ல வேண்டியவன் என் காலடியில் கிடந்தான். அதனால் அவன் சொல்கிற மாதிரியே சொன்னேன்.

"எல்லாரும் மேல வந்தாச்சு, அணைச்சுத் தொலை."

ஊதி அணைத்தாள். விளக்கைப் பத்திரமாகத் தரையில் வைத்தாள். அப்புறம் அந்த மூட்டை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எந்திரிடா தடிமாடே," என்றாள். "டேய் தம்பி, எந்திரிடா."

தெருவெல்லாம் கேட்கும்படி திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். நாங்கள் யாரும் அவளைத் தடுக்கவில்லை.