சிவப்பு அடித்த மூங்கில்

எனக்குச் சந்தேகப் புத்தி. பொருளைப் புரட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன், ஆளைத் திருப்பிக் கேட்காமல் நம்ப மாட்டேன். அப்படிப்பட்டவள் இருபத்து மூன்று வயதில் பிளஸ் ஒன், பிளஸ் டூ இயற்பியலைத் தனியாக உட்கார்ந்து படிக்க நேர்ந்தால் என்ன ஆகும்? பக்கத்துக்குப் பக்கம் புத்தகத்தோடு சண்டைதான்.

பள்ளியில் நான் எடுத்தது வரலாறு குரூப். கல்லூரியில் புவியியல். அதற்கு மேல் கடலோர அளவைப் படிப்பில் இடம் கிடைத்தது. சேர்ந்த முதல் வாரமே இயற்பியலில் ஒரு பரீட்சை, தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள். கையில் இரண்டு மாதம்.

விசை, வேகம் எல்லாம் எப்படியோ ஓடியது. அலைகள் பாடத்தில் நின்றுவிட்டேன். புத்தகத்து அலைகள் நெளிநெளியாக, எல்லாம் ஒரே அளவில் இருந்தன. முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தவளிடம் இந்தக் கதையா? அலைநீளத்தை அதிர்வெண்ணால் பெருக்கினால் வேகம் வருமாம். நீ சொன்னால் ஆயிற்றா, அளந்தே பார்த்துவிடுகிறேன் என்று கிளம்பினேன்.

இரண்டு மூங்கில் கழிகள் எடுத்தேன். கரையிலிருந்து தெரிய வேண்டுமே என்று, என் அப்பா, நைனா, படகுக்கு அடித்து மீந்த சிவப்பு பெயின்டை நுனியில் பூசினேன். முகத்துவாரத்தின் உள்பக்கம், முழங்கால் தண்ணீரில், பத்து மீட்டர் இடைவெளி விட்டு அடித்து இறக்கினேன். இரண்டு நாள் அலைகளை எண்ணிக் குறித்தேன். மூன்றாம் நாள் கழிகளைக் காணோம். என்னுடையவை என்று சொல்லாமல், அங்கே இருந்த கழிகள் எங்கே என்று மட்டும் வீட்டில் கேட்டேன்.

"அலை அட்ச்சிகினு பூட்டிருக்கும்மா," என்றார் நைனா, வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அலையா? அந்த அலையை இரண்டு நாளாக அளந்தவள் நான். ஒரு சாண் எழும்பாத அலை, முழங்கை ஆழம் புதைத்த கழியை எப்படிப் பிடுங்கும்? பக்கத்து வீட்டுக்காரி கோழிக் கூண்டுக்கு எடுத்திருப்பாள் என்று அவள் வீட்டுப் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தேன். இல்லை. வேறு இரண்டு நட்டேன், அவையும் போயின. மூன்றாம் முறை நட்டுவிட்டு, விடிகிற நேரத்தில் கவிழ்த்துப் போட்ட படகின் மறைவில் காத்திருந்தேன்.

வந்தவர் நைனா.

ஆட்டி ஆட்டிப் பிடுங்கத் தொடங்கியதும் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "நைனா, அது என்னுது!"

"நீயா நட்டே? செவப்பு அட்ச்சிக்கீதே!"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் சிவப்பு நுனிக் கழி என்றால் எவனோ கம்பெனிக்காக அளந்துவிட்டுப் போயிருக்கிறான், இன்னும் கொஞ்சம் கரை நம் கையை விட்டுப் போகப்போகிறது என்று அர்த்தம். கண்ணில் பட்டவர் பிடுங்கிப் போடுவார். யார் பிடுங்கியது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அலை என்பார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த விஷயம், பரீட்சை பயத்தில் எனக்கு மறந்தே போய்விட்டது.

"யாருக்கு அளக்குறே?" என்றார்.

"பரீட்சைக்கு நைனா."

"பரீட்சை வெக்கிறவன் யாரு? அவன் யாருக்கு அளக்குறான்?"

கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. "பெத்த பொண்ணையே நம்ப மாட்டியா?" என்று கத்தினேன். அவர் ஏற இறங்க என்னைப் பார்த்தார். பிறகு இடுப்புக் கத்தியால் சிவப்பைச் சுரண்டிவிட்டு, கழிகளைத் தானே திரும்ப நட்டுக் கொடுத்தார். அளந்தேன். கணக்கு, புத்தகம் சொன்னதற்குப் பக்கத்தில் வந்தது. அப்போதும் முழுசாக நம்பவில்லை. ஆனால் பரீட்சையில் தேறிவிட்டேன்.

மூன்றாம் மாதம் வகுப்போடு வேறொரு குப்பத்துக்குப் போனோம். தண்ணீர் விளிம்பு நெடுகச் சிவப்பு நுனிக் கழிகள் நட்டோம். மீன் கூடையோடு போன ஒரு அம்மா நின்றார்.

"யாருக்கு அளக்குறீங்கோ?"

"படிப்புக்கும்மா," என்றேன். நைனா பார்த்த அதே பார்வை. இந்த முறை கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

சாப்பாட்டு வேளையில் எல்லோரும் வேன் நிழலுக்குப் போனார்கள். அந்த அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொரு கழியாகப் பிடுங்கினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

பேராசிரியர் திரும்பி வந்து, "நட்ட கழியெல்லாம் எங்கே?" என்று கேட்டார். கடல் அன்று அசையாமல் கிடந்தது.

"அலை அடிச்சிட்டுப் போயிருக்கும் சார்," என்றேன்.