பரங்கிப் பிஞ்சும் என் ஆள்காட்டி விரலும்

எழுபதுகளில் ஒரு மார்கழி முழுவதும் நான் என் ஆள்காட்டி விரலை மடக்கியே வைத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். வாடகை வீட்டுக் கொல்லையில் பரங்கிக் கொடி போட்டவர், முளை விடுவதற்குள்ளேயே, பொங்கலுக்கு எங்கள் வீட்டுக் காய்தான் என்று கடை முழுக்கச் சொல்லிவிட்டார். கொடியும் சுவரேறிப் பூத்தது. பிஞ்சுகள் வந்தன. வந்த வேகத்தில் வெம்பி விழுந்தன.

குற்றவாளியைத் தேடி யாரும் அலையவில்லை. நான் விரல் நீட்டிப் பிஞ்சுகளை எண்ணியதை அத்தை பார்த்திருந்தாள். நீட்டிய விரலால் காட்டினால் பிஞ்சு தங்காதாம்.

"ஏட்டி, வெரல மடக்குன்னு எத்தன தடவ சொல்லுறது? ஒனக்கு வேற சோலியே இல்லையா?"

இதைச் சொன்னபோது அத்தையின் கையில் ஒரு கூடை பரங்கிப் பூ இருந்தது. எதிர்வீட்டை விட எங்கள் வாசல் கோலத்தில் சாணி உருண்டைகள் அதிகம் இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பூ. அத்தை கவனமானவள்தான். அடியில் பிஞ்சு ஒட்டிய பூவைத் தொடமாட்டாள். நீளக் காம்போடு நிற்கும் 'வெட்டிப் பூ'வை மட்டும் விடிந்ததும் ஒன்று விடாமல் பறித்துவிடுவாள். அந்த வெட்டிப் பூதான் ஆண்பூ, அதன் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்தால்தான் பிஞ்சு நிற்கும் என்று அந்த வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கக் கூடாதா! வந்த ஒன்றிரண்டு தேனீக்களையும், பிஞ்சைக் கொட்டிக் கெடுக்கிறது என்று அப்பா துண்டால் விரட்டினார்.

பொங்கலுக்குச் சந்தையில்தான் காய் வாங்கினோம். ஏன் என்று கடை ஆட்கள் கேட்டதற்கு, அப்பா விரல் நீட்டி என்னைக் காட்டினார்.

தை பிறந்ததும் வாசலில் பூ வைப்பது நின்றது. பறிக்க ஆளில்லாமல் பூக்கள் கொடியிலேயே கிடந்தன. அப்பாவும் வெறுத்துப்போய்க் கொல்லைப் பக்கம் வரவில்லை. தேனீக்கள் இஷ்டத்துக்கு வந்துபோயின. மாசி முடிவதற்குள் சுவரெல்லாம் காய்.

"பாத்தியாண்ணே, புள்ளயக் கண்டிச்சு வச்சதும் எப்படிக் காய்க்குது!" என்றாள் அத்தை.

அப்பா முதல் காயை அறுத்து என்னிடம் நீட்டி, இனிமேலாவது ஒழுங்காக இரு என்றார். எனக்குக் கோபமே வரவில்லை. திருந்திவிட்டோம் என்ற சந்தோஷத்தில் தலையை ஆட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.