க்வேர்ன் ஓடையில் சுன்னீவா பொரித்த மீன்குஞ்சுகள்

என் அண்ணன் தார்யே 1949-இல் கல்யாணம் செய்து அழைத்து வந்தபோது சுன்னீவாவுக்கு இருபத்திரண்டு வயது. என்னைவிட இரண்டு வயது சின்னவள். இருந்தாலும் அண்ணி என்றுதான் கூப்பிட்டேன். கடற்கரைக்காரி. அவள் வீட்டு ஆண்கள் எல்லோரும் கானாங்கெளுத்தி பிடிக்கப் போகிறவர்கள். நாங்கள் கடலிலிருந்து எழுபது கிலோமீட்டர் உள்ளே, பைன் காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே இருப்பவர்கள். எங்களுக்கு மீன் என்றால் ஏரியில் கிடைக்கும் ட்ரவுட்தான். இலையுதிர் காலத்தில் உப்புப் போட்டு மரப்பீப்பாயில் அடைத்தால் மறு கோடைவரை சாப்பாடு.

ஏரியில் விழும் க்வேர்ன் ஓடையின் ஓரத்தில் ஊர் மீன் சங்கம் ஒரு மரக்கொட்டகை கட்டியிருந்தது. குஞ்சு பொரிப்பகம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கைநடுக்கம் வந்து விலகியபோது, வேறு யாரும் முன்வராததால் சாவி அண்ணியிடம் வந்தது. அக்டோபரில் முட்டையிட ஓடைக்கு ஏறும் மீனை வலையில் எடுப்பாள். பெண் மீனின் வயிற்றை விரலால் நீவினால் ஆரஞ்சு நிற முட்டைகள் கிண்ணத்தில் கொட்டும். ஆண் மீனின் விந்தைச் சேர்த்து வாத்து இறகால் கலக்குவாள். பிறகு தட்டுகளில் பரப்பி, ஓடைத் தண்ணீர் ஏப்ரல்வரை அவற்றின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும்படி விட வேண்டும். வெளுத்துப்போன முட்டை ஒன்று கிடந்தாலும் பூஞ்சை பக்கத்து முட்டைக்குப் பரவிவிடும். அதனால் குளிர்காலம் முழுக்க தினமும் போய் இடுக்கியால் பொறுக்குவாள். மூன்று பிள்ளைகள், ஆறு மாடு, அதற்கு மேல் இது. ஒரு நாளும் தவறியதில்லை.

வருடத்துக்கு நாற்பதாயிரம் குஞ்சு ஏரியில் விட்டாள். பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படி ஓடியது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஏரியில் மீன் பெருத்தது. இரண்டு கிலோ, மூன்று கிலோ. மீன் சங்கத் தலைவர் யெர்முண்ட் பிடித்த ஒரு மீனைக் கடையில் பனிக்கட்டி மேல் வைத்ததும் ஊரே வந்து பார்த்தது. அண்ணி மட்டும் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“இது கிழட்டு மீனு. சின்ன மீனுங்க எங்க?”

“பெரிசு வந்தா சந்தோஷப்படணும்மா. கடக்கரைக்காரிக்கு எல்லா மீனும் மத்தி மாதிரி ஆயிரக்கணக்குல வேணும்போல” என்றார் யெர்முண்ட். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“நாலு வருஷமா ஒரு சாண் மீனு வலையில விழல. பள்ளிக்கூடத்துல எல்லாம் பெரிய பசங்களா இருந்து ஒண்ணாங் கிளாஸ் காலியா இருந்தா அதுக்கு என்ன அர்த்தம்?”

குஞ்சுகள் பிழைக்காததால் இரைக்குப் போட்டி குறைந்து, மிஞ்சிய மீன்கள் தின்று பெருத்தன என்பதுதான் உண்மை. அதை அன்று அவள் ஒருத்திதான் புரிந்துகொண்டாள்.

1965 ஏப்ரலில் முதல் அடி. பனி உருக ஆரம்பித்து மூன்றாம் நாள். முட்டைக்குள் கருப்புக் கண் இரண்டும் தெளிவாகத் தெரிகிறது, குஞ்சு புரள்வதும் தெரிகிறது, ஆனால் முட்டைத் தோலைக் கிழித்து வெளியே வர முடியவில்லை. வந்த சிலதும் மஞ்சள்கருப் பையைச் சுமந்தபடி தட்டின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தன. நாற்பதாயிரமும் ஒரே வாரத்தில் போயிற்று. வாளி வாளியாக அள்ளி உருளைக்கிழங்குத் தோட்டத்தில் புதைத்தோம்.

சங்கத்துக் கூட்டத்தில் யெர்முண்ட் எழுந்து கேட்டார்: “கை கழுவுன சோப்போட தட்டைத் தொட்டியா?”

“தொடல.”

“பின்ன என்ன, தானாவா செத்துச்சு? பதிமூணு வருஷமா சாகாதது?”

அண்ணி உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம் மெல்லக் கேட்டாள், “ஒருவேளை நான்தானோ?” அதன் பிறகு கொட்டகையில் யாரும் புகை பிடிக்கக் கூடாது என்றாள். சோப்பைத் தொடுவதையே விட்டுவிட்டு, சாம்பலால் கை தேய்த்தாள். தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வெடித்து ரத்தம் வரும். தட்டுகளைக் கொதிநீரில் போட்டாள். அடுத்த வருடமும் செத்தது. அதற்கடுத்த வருடமும். சந்தைக்குப் போனால் “சோப்புக்காரி” என்று முதுகுக்குப் பின்னால் சொல்வது அவள் காதில் விழத்தான் செய்தது.

1968-இல் அவள் ஒன்று செய்தாள். பிப்ரவரியில், ஓடை உறைந்து அடியில் மெல்லியதாக ஓடும்போதே, எட்டுப் பீப்பாய் தண்ணீர் பிடித்து எங்கள் நிலவறையில் வைத்தாள். பனி உருகியதும் ஒரு தட்டை மட்டும் அங்கே கொண்டுவந்து, அந்தப் பழைய தண்ணீரைக் கரண்டியால் மொண்டு மொண்டு ஊற்றினாள். தார்யேயும் நானும் முறை மாற்றினோம். ஓடைத் தண்ணீரில் இருந்த தட்டுகள் எல்லாம் செத்தன. நிலவறைத் தட்டில் குஞ்சுகள் நீந்தின.

“குரோ, பனியிலதான் என்னமோ இருக்கு” என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை, பயம்தான் இருந்தது. “என் கையில இல்ல. மேல இருந்து விழுற பனியில இருக்கு.”

அந்த மார்ச்சில் பனியை வெட்டிப் பார்த்தால் நடுவே கரிக்கோடு போட்டதுபோல் சாம்பல் படலம் இருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். யாரும் அதை மீனோடு சேர்த்து யோசிக்கவில்லை. தார்யே ஓடைச் சரிவில் நட்ட ஸ்ப்ரூஸ் மரக்கன்றுகள் நுனி மஞ்சளாகி வளராமல் நின்றுபோனதையும் நாங்கள் மட்டமான விதை என்றே நினைத்தோம்.

மூன்று வருடம் கழித்துத் தலைநகரத்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஹெல்கே என்று ஒரு இளைஞர் பாட்டில்களோடு வந்தார். ஓடைத் தண்ணீரை அளந்தார். சமையலறையில் காபி குடித்துக்கொண்டே சொன்னார்: “தண்ணி புளிச்சுப்போச்சுங்க. ஆசிட். கடலுக்கு அந்தப் பக்கம் நிலக்கரி எரிக்கிறாங்க இல்லையா, அந்தப் புகை காத்துல வந்து மழையாவும் பனியாவும் இங்க இறங்குது. குளிர்காலம் முழுக்கப் பனியில சேர்ந்து, உருகுற முதல் வாரத்துல மொத்தமா ஓடைக்கு வருது. உங்க பாறை கருங்கல்லு. ஆசிட்டை முறிக்க அதுல சுண்ணாம்பு கிடையாது. பத்தாததுக்கு மண்ணுல இருந்து அலுமினியத்தையும் கரைச்சுக் கொண்டுவருது. அது மீனோட செவுள்ல ஒட்டிக்கும்.”

“அப்ப என் மேல தப்பு இல்ல.”

“துளியும் இல்லைங்க.”

அண்ணி அவர் கோப்பையில் மறுபடியும் காபி ஊற்றினாள். பிறகு கேட்டாள், “நான் போய் யார்கிட்டச் சொல்லணும்?”

ஹெல்கே ஒரு பாட்டிலை எடுத்து அதன் மூடியை இறுக்கினார்.

“என் மேல தப்புன்னா திருத்திக்கலாம். யெர்முண்ட் மேலன்னா சண்டையாவது போடலாம். மழைகிட்ட எப்படிப் பேசுறது, தம்பி?”

அதோடு அவள் ஓய்ந்துவிடவில்லை. கடற்கரையில் இருந்த தன் அண்ணன் எய்விண்டுக்கு எழுதினாள். அவர் லாரியில் கிளிஞ்சல் மணல் அனுப்பினார். சிப்பியும் கிளிஞ்சலும் நொறுங்கிய வெள்ளை மணல், முழுக்கச் சுண்ணாம்பு. கொட்டகைக்கு மேலே ஓடையின் படுகையில் அதைக் கொட்ட வேண்டும். பாதை கிடையாது. தார்யே, அண்ணி, நான் மூவரும் மூட்டையை முதுகில் கட்டி ஏறினோம். இரண்டு இலையுதிர் காலத்தில் நானூறு மூட்டை. அண்ணிக்கு இடுப்பு போயிற்று, நிமிர்ந்து நடக்க முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தாள்.

1974-இல் ஆறாயிரம் குஞ்சு பிழைத்தது. ஒன்பது வருடம் கழித்து அன்றுதான் அவள் சிரிப்பதைப் பார்த்தேன்.

மறு வருடம் ஏப்ரலில், பனி முழங்கால் அளவு கிடக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை நான் கொட்டகைக்குப் போனபோது ஓடை காப்பித்தூள் நிறத்தில் கரை புரண்டு ஓடியது. கிளிஞ்சல் மணல் ஒரு பிடிகூடப் படுகையில் இல்லை. அண்ணி இடுப்பளவு பனித்தண்ணீரில் நின்று, வயலுக்கு வைத்திருந்த சுண்ணாம்பு மூட்டையைக் கத்தியால் கிழித்து கொட்டகைக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் கொட்டிக்கொண்டிருந்தாள். அது தீர்ந்ததும் அடுப்புச் சாம்பல். பிறகு துணி துவைக்கும் சோடா. கொட்டியது எல்லாம் கண்ணெதிரே வெள்ளையாகக் கலங்கி, அடுத்த கணம் போய்விட்டது.

“அண்ணி, ஏறி வா. செத்துப்போவ.”

“வீட்டுல வேற என்ன இருக்கு குரோ? முட்டை ஓடு இருக்கா? சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு?”

“ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் போட்டாச்சு.”

“அப்ப சுவத்தைச் சுரண்டு” என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பின்னாலேயே ஓடிவந்த தார்யேயும் நானும் கையைப் பிடித்து இழுத்துத்தான் கரையேற்றினோம். தட்டுகளில் மிஞ்சியிருந்த குஞ்சுகளை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அடுப்படியில் வாளியை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மதியத்துக்குள் அவையும் அசைவற்றுப் போயின.

அந்த வாரம் ஏரியின் கரை முழுக்கப் பெரிய மீன்கள் வயிறு மேலாக ஒதுங்கின. செவுளில் பிசின்போல் ஏதோ அப்பியிருந்தது. யெர்முண்ட் தள்ளுவண்டியோடு வந்து அள்ளினார். நாங்களும் அள்ளினோம். அவர் அண்ணியின் அருகே நின்று, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்:

“உன்னை நான் சோப்புக்காரின்னு சொன்னேன்.”

“சொன்னீங்க.”

“இப்ப யாரைச் சொல்றதுன்னு தெரியல.”

அவள் குனிந்து இன்னொரு மீனை வண்டியில் போட்டாள்.

1976 அக்டோபரில், வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியும், ஓடை முகத்தில் வலை கட்டினாள். மூன்று வாரம் வெறும் இலைதான். கடைசி நாள் ஒரு மீன் இருந்தது. பெண் மீன், கிழடு, வயிறு முட்ட சினை. ஆண் மீன் ஒன்றுகூட இல்லை. இன்னும் ஒரு வாரம் வலையை விட்டுவைத்தாள். வரவில்லை.

மேற்கே அடுத்த பள்ளத்தாக்கில், சுண்ணாம்புப் பாறை இருக்கும் ஆற்றில் ஒரு பொரிப்பகம் உண்டு. பால் கேனில் தண்ணீர் நிரப்பி மீனை அதில் விட்டு, தார்யே காரை ஓட்ட, நான் பின்னால் கேனைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி வழி நெடுகக் கேனுக்குள் கையை விட்டுத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே வந்தாள். அந்த ஊர்ப் பொரிப்பகத்துக்காரர் மீனைப் பார்த்துவிட்டு, “சினை நல்லாத்தான் இருக்கு. எங்க ஆண் மீனு இருக்கு. பொரிச்சு வைக்கிறேன், வசந்தத்துல வந்து குஞ்சை எடுத்துட்டுப் போங்க” என்றார்.

தார்யே உடனே தலையாட்டினான். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே, “இங்கயே விடுங்க. நாங்க வரமாட்டோம்” என்றாள்.

“சுன்னீவா, நம்ம ஏரி மீனு அது” என்றான் அண்ணன்.

“அந்தத் தண்ணியில மறுபடியும் என் கையால விடமாட்டேன், தார்யே. இருபத்திநாலு வருஷம் விட்டாச்சு. இதாவது இருக்கட்டும்.”

திரும்பும்போது காலிக் கேன் ஒவ்வொரு திருப்பத்திலும் உருண்டு இடித்தது. யாரும் அதை நிறுத்தவில்லை.

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். வாங்கிக்கொள்ளச் சங்கம் என்று ஒன்று அப்போது இல்லை. 1989-இல் அவள் போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை ஏரிப்பக்கத்து ஜன்னலின் திரையை அவள் திறந்ததில்லை. நான் போனால் திறப்பேன். நான் கிளம்பியதும் மூடிவிடுவாள். அவள் இறந்து ஏழு வருடம் கழித்து ஹெலிகாப்டரில் வந்து ஏரி முழுக்கச் சுண்ணாம்புத் தூள் தூவினார்கள். வெளியிலிருந்து மீன் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது வருடந்தோறும் தூவுகிறார்கள். நிறுத்தினால் மறுபடியும் சாகும் என்கிறார்கள். எனக்குத் தொண்ணூறு ஆகப்போகிறது. பேரப்பிள்ளைகள் அந்த ஏரியில் மீன் பிடித்துவந்து தட்டில் வைக்கும்போது நான் உருளைக்கிழங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.