கிருபா பால் குடித்த மதியம்

எட்டு மாதக் குழந்தை பாலுக்கு முகம் திருப்பினால் வீடு எவ்வளவு சீக்கிரம் இருண்டுவிடும் என்பதை கொரோனா இரண்டாம் அலையின் அந்த மே மாதத்தில் அறிந்தேன். திருமணமாகிப் பதினாறு வருடம் கழித்துப் பிறந்தவள் எங்கள் கிருபா. பேத்தியா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிடும் அளவுக்கு எனக்கு நரைத்திருந்தது.

அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். அப்போது எல்லாம் மூடிக்கிடந்தது. நிட்டிங் மிஷின் சத்தம் நின்று, தெருவில் மைனா கத்துவது கேட்டது. அந்த அமைதியை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. சொல்லக் கூச்சமாகவும் இருக்கிறது. எத்தனை வீடுகள் அழுத காலம் அது.

முதலில் என் மனைவி ஜெயாவுக்குக் காய்ச்சல். மறுநாள் கிருபாவுக்கு. இருவருக்கும் கொரோனா என்றார்கள். நான் சும்மா இருக்கவில்லை. பெரியவர்கள் மாஸ்க்கை, பனியனுக்கு சைஸ் குறைப்பதுபோல எல், எம், எஸ் என்று இறக்கிக்கொண்டே போய், கிருபாவின் அளவுக்கு ஒன்று தைத்தேன். தையல் பிரமாதம். மூன்றாம் நாள் காலை அவள் பால் குடிக்காமல் வேகவேகமாக மூச்சு வாங்க, அதை மாட்டித்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நர்ஸ் அதை வெடுக்கென்று கழற்றினார்.

"எந்தப் புத்திசாலிங்க இதைத் தெச்சது?"

"நானுங்க."

"ரெண்டு வயசுக்குக் கீழ மாஸ்க்கே போடக் கூடாதுங்க. பாப்பா ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்குது."

பெரும்பாலான குழந்தைகளுக்கு இது சளிக்காய்ச்சல் மாதிரி வந்து போய்விடும், ஆனால் கைக்குழந்தை பால் குடிக்காமல் மூச்சு வாங்கினால் காத்திருக்கக் கூடாது என்றார் டாக்டர். கிருபாவுக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். கூடவே வந்திருந்த ஜெயா மாஸ்க் போட்டுக்கொண்டு உள்ளேயே தங்கி, தாய்ப்பால் கொடுக்க முயன்றுகொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு உள்ளே அனுமதி இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். நான் ஜெபிக்க எழுந்தால் முடிப்பதற்குள் விருந்து ஆறிவிடும் என்று எங்கள் சர்ச் சபையில் எனக்குப் பெயர். படித்ததெல்லாம் அதில் வந்துவிடும். அன்று எதுவும் வரவில்லை. என் கையாலேயே அவள் மூச்சை அடைத்தேனே என்பது மட்டும் நெஞ்சில் நின்றது. "ஆண்டவரே, நான் முட்டாள். அவ பால் குடிக்கணும்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மறுநாள் மதியம் ஜெயா போன் செய்தாள்.

"ஏனுங்க, குடிக்கறா."

"நெசமாவா?"

"பொய் சொல்றதுக்குத் தெம்பு இல்லீங்க. வைங்க, போனைப் புடுங்கறா."

அந்த வேப்பமரத்தடியிலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அழகாக அழுதேன் என்று சொல்ல முடியாது. செக்யூரிட்டி அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அதே வாரம் எங்கள் சபையில் இருவரை அடக்கம் செய்தோம். அவர்கள் வீட்டாரும் ஜெபித்தவர்கள்தான். ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசுவதை அன்றோடு விட்டுவிட்டேன். கிருபா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சோற்றில் பாதியைத் தட்டிலேயே வைக்கிறாள். திட்ட வாய் வருவதில்லை. கர்த்தருக்கு நன்றி என்றுதான் வருகிறது.

உங்கள் குழந்தைக்கு மூச்சு வாங்கினால் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். ஓடிக்கொண்டே ஆண்டவரையும் கூப்பிடுங்கள். வார்த்தை கோணலாக வந்தாலும் பரவாயில்லை. என்னுடையதையே கேட்டவர் அவர்.