வருவேன் என்று அடித்துச் சொல்லாதவள்

நயினாதீவுக்குப் போகிற வள்ளத்தில் இருந்துகொண்டு இங்கிலிஷ் படித்திருக்கிறீர்களா? நாங்கள் படித்தோம். போன மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. நானும் என் மனைவி பரமேஸ்வரியும்.

லண்டனில் இருக்கும் எங்கள் மகளுக்கு இது முதற்பிள்ளை. அந்த நேரத்தில் தாய் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்கிறாள். அதற்குக் கொழும்பில் விசா எடுக்க வேண்டும். அங்கே ஒரு கேள்வி கட்டாயம் வருமாம் — திரும்பி வருவீர்களா? 'ஐ வில் கம் பேக்' என்று பளிச்சென்று சொன்னால் சரி. தயங்கினால்... போய் அங்கேயே தங்கிவிடுவாள் என்று மறுத்துவிடுவார்களாம்.

நான் படிப்பாளி இல்லை என்பது இந்தப் பத்திரிகைப் பத்தியை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். குருநாகலில் கடை வைத்திருந்த காலத்தில் சிங்களம் நாக்கில் ஏறியது. இங்கிலிஷோ கடை வாசலோடு நின்றுவிட்டது. அதனால் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னப் புத்தகம் வாங்கினேன். ஒன்றுபோலத் தெரியும் இங்கிலிஷ் வினைச்சொற்களைப் பிரித்துக் காட்டும் புத்தகம். அதில் மூன்று சொற்கள் என்னைப் பிடித்துக்கொண்டன — எக்ஸ்பெக்ட், ஹோப், விஷ்.

அன்றைக்குக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. வள்ளம் ஓடுகிறதா, தீவுதான் மெல்ல மிதந்து எங்களிடம் வருகிறதா... தெரியவில்லை. தூரத்தில் அம்மாள் கோயில் கோபுரம் வெயிலில் கரைவதும் திரும்ப உருவாவதுமாக இருந்தது.

"இஞ்சாரும்," என்றேன். "கரையில நிக்கிறம். வள்ளம் வாறது கண்ணுக்குத் தெரியுது. அது எக்ஸ்பெக்ட். வள்ளம் தெரியேல்லை, எண்டாலும் வரக்கூடும் எண்டு நிக்கிறம். அது ஹோப். வள்ளம் போயிட்டுது. போனது எங்களுக்காகத் திரும்பி வந்தால் எவ்வளவு நல்லம்... அது விஷ்."

முன்னால் இருந்த ஒருவர் சிரித்தார். "அண்ணை, அக்காவை வெள்ளைக்காரியாக்கித்தான் இறக்கப் போறியள் போல."

"வெள்ளைக்காரி ஆனாலும் இவருக்குப் புட்டு அவிக்கிறது நான்தான் தம்பி," என்றாள் பரமேஸ்வரி.

"சரி, இப்பச் சொல்லும். ஐ வில் கம் பேக்."

அவள் கோபுரத்தைப் பார்த்தாள். "அது சொல்ல ஏலாது."

"ஏன்?"

"வருவன் எண்டு நான் எப்பிடி அடிச்சுச் சொல்லுறது? அது அம்மாளின்ர காரியம்."

எங்கள் வீட்டில் இது பழக்கம். பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போவதென்றாலும் 'அம்மாள் விட்டால்' என்று முன்னால் வைத்துத்தான் பேசுவோம். நானும் அப்படித்தான். ஆனால் விசா அதிகாரிக்கு அம்மாளைத் தெரியுமா?

"ஒரு சொல்லுத்தானே? சொன்னால் என்ன குறைஞ்சு போகும்?"

"எண்பத்தி மூண்டில நீங்களும் சொன்னனீங்கள்தானே... ஆடி அமாவாசைக்கு வந்திடுவன் எண்டு. எப்ப வந்தனீங்கள்?"

கலவரத்தில் கடை எரிந்து, முகாமில் கிடந்து, அகதிக் கப்பலில் நான் வந்திறங்கியபோது அமாவாசை கழிந்திருந்தது. நான் புத்தகத்தை மூடினேன்.

கோயிலில் அவள் கண்மூடி நெடுநேரம் நின்றாள். வெளியே வந்ததும், விசாவுக்கு வேண்டிக்கொண்டீரா என்று கேட்டேன்.

"பிள்ளை சுகமாப் பிறக்க வேணும் எண்டு கேட்டனான். விசாவை ஏன் அம்மாளிட்டைக் கேப்பான்? அது கந்தோரில இருக்கிற அதிகாரியின்ர வேலை."

போன கிழமை கொழும்புக்குப் போனோம். என்னையும் கூடவே உள்ளே விட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை. பெயர், வயது, மகளின் விலாசம் எல்லாம் நன்றாகவே போயின. பிறகு அந்தக் கேள்வி வந்தது.

பரமேஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. "ஐ ஹோப்," என்றாள்.

அதிகாரியின் பேனை நின்றது.

"அம்மா, கட்டாயம் வருவீங்களா என்று கேட்கிறார்," என்றாள் அந்தப் பிள்ளை.

"பொய் சொல்ல ஏலாது பிள்ளை. நாளைக்கு விடியிறதே அம்மாளின்ர கையில. அவ விட்டால் வருவன். என்ர வீடு இங்கதானே."

அதை அப்படியே அந்தப் பிள்ளை இங்கிலிஷில் சொன்னாள். அதிகாரி என் பக்கம் திரும்பினார். உங்கள் மனைவி வருவார் என்று நீங்கள் எக்ஸ்பெக்ட் பண்ணுகிறீர்களா?

எவ்வளவு லேசான கேள்வி. 'யெஸ்' என்றால் முடிந்தது. ஆனால் அந்த நேரம் எனக்கு எந்த வள்ளமும் தெரியவில்லை. எங்கும் தண்ணீராகத்தான் தெரிந்தது.

"ஐ ஹோப், சேர்," என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னவோ எழுதினார். அடுத்த நாள் அங்கே போனபோது பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தார்கள் — விசாவோடு.

ஏன் தந்தார்? தெரியாது. நாள் முழுக்க 'வில்', 'வில்' என்று கேட்டுக் கேட்டு அவருக்கும் அலுத்திருக்குமோ? யோசித்துப் பாருங்கள்... நிச்சயமாகச் சொல்கிறவர்களை நாங்கள்கூட எவ்வளவு தூரம் நம்புகிறோம்?

வெளியே வந்தோம். துள்ளிக் குதிக்காவிட்டாலும் ஒரு சிரிப்பாவது சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் காலி நகருக்குப் போகும் பெருவீதியின் ஓரத்தில், பஸ்களின் புகைக்குள், பாஸ்போர்ட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். கண் நிறைந்திருந்தது.

"இனி உங்களைத் தனிய விட்டிட்டுப் போகத்தானே வேணும்," என்றாள்.

இதற்கு இங்கிலிஷில் எந்த வினைச்சொல் பொருந்தும் என்று நான் தேடவில்லை. அவளுடைய பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.